பம்புக்குக் கட்டிய பாலித்தீன் பை

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பது நாற்பத்தொரு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. மீன் கெடும், தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் எப்போது பிடித்தது, எத்தனை நேரம் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். கருவாடு கெடும், மாவு புளிக்கும், மழை மாதத்தில் உப்புகூட நீர்விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் அதிலெல்லாம் சேராது என்றுதான் நினைத்திருந்தேன். நெருப்பைக் காட்டினால் குப்பென்று பிடிக்கிற சாமான், அதற்கு என்ன கேடு வரப்போகிறது?

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, நான்தான் திரும்பப் போகவில்லை. போனால் டீச்சர் என்ன கேட்பார்களோ என்று பயம். இப்போதும் அப்படித்தான். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் காற்று சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பேன், கரையில் இருந்தால் அவருக்குத் தொழில் இல்லையே என்று கவலைப்படுவேன்.

எங்கள் ஊர் ஏர்வாடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. முன்பக்கம் வள்ளங்கள் நிற்கும். பின்பக்கம் ஒரு மைல் நடந்தால் மிளகாய்க் கொல்லைகள். எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர். பாதிப் பேர் என்னைப் போலக் கருவாடு போடுகிறவர்கள், மீதிப் பேர் கொல்லை வேலை. இந்தக் குழுவுக்குப் பெட்ரோலில் ஓடுகிற தண்ணீர்ப் பம்பு ஒன்று கிடைத்தது. இரண்டு கையால் தூக்கிவிடலாம். கயிற்றை இழுத்தால் ஓடும். ஒரு குழாய் வழியாக உறிஞ்சி இன்னொரு குழாய் வழியாகத் தள்ளும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் ஏற்றவும், மழையில் தேங்கியதை இறைக்கவும் ஆகும்.

யார் வீட்டில் வைப்பது என்று கூட்டம் போட்டபோது ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். ஒருத்தி வீட்டில் ஆடு, ஒருத்தி வீட்டில் இடமில்லை. குழுத் தலைவி எனக்கு மதினி முறை. வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் என்னைக் கை காட்டினாள்.

"இவ வீட்டுல வைங்க. கேஸ் அடுப்பை அணைச்சமா இல்லையான்னு கீழக்கரை போன பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவ இவ. இவள விடப் பத்திரமா யாரு வச்சுக்குவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பை அணைத்துத்தான் வைத்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பம்பு என் வீட்டுக்கு வந்தது.

கோடை முழுக்க நன்றாக ஓடியது. சித்திரைக் கடைசியில் வேலை முடிந்ததும், அடுத்த மழைக்கு அவசரத்துக்கு வேண்டுமே, அந்த நேரம் பெட்ரோல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையில், டாங்கியை வாய்வரைக்கும் நிரப்பினேன். அதோடு விட்டேனா என்றால் இல்லை. எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. ஆணியை வெளியில் போட்டால் ஒரு மாதத்தில் தூளாகிவிடும். அதனால் நாங்கள் கருவாட்டு டின்னுக்குச் செய்வதைப் போலவே செய்தேன். டாங்கி மூடி மேல் கனமான பாலித்தீன் பையை இரண்டு மடிப்பாக வைத்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிப் போட்டேன். அப்படிக் கட்டினால் நெத்திலிக் கருவாடு ஐப்பசி அடைமழையிலும் நமுத்துப்போகாது. பம்புக்கு மட்டும் ஆகாமல் போய்விடுமா? மேலே ஒரு பழைய போர்வை. வாரம் ஒரு தரம் போர்வையை எடுத்து, பம்பை ஒரு ஆட்டு ஆட்டுவேன். உள்ளே தளதளவென்று சத்தம் கேட்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும். எட்டு மாதம் இப்படி ஓடியது.

மார்கழியில் பருவம் தப்பிய மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் காலை மழை தூறலாக இறங்கியதும் மிளகாய்க்கார அக்கா என் வாசலில் வந்து நின்றாள். அவளும் எங்கள் குழுதான். இருபது வருஷம் அடுத்தவர் கொல்லையில் களை எடுத்தவள். அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தனியாக ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து முண்டு மிளகாய் போட்டிருந்தாள். செடி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வளர்ந்து பூ எடுத்திருந்தது.

"பள்ளத்துப் பக்கம் அரை ஏக்கருக்குக் கரண்டைக்கால் அளவு தண்ணி நிக்குதுடி. நேத்து மத்தியானத்துல இருந்து நிக்குது. இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள இறங்கலைன்னா வேர் அழுகிரும். நாளைக்கு வெயில் அடிச்சா அம்புட்டும் தொங்கிப் போகும். பம்பை எடு."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிளகாய்க்குத் தண்ணீர் வேண்டும், நிற்கிற தண்ணீர் ஆகாது. நான் போர்வையை உருவினேன். பையையும் டியூபையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். தள்ளுவண்டியில் வைத்து நானும் அக்காவும் மதினியும் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே போனேன், டாங்கி நிறைய இருக்கிறது, டாங்கி நிறைய இருக்கிறது என்று.

கொல்லையில் வரப்பு மேல் பம்பை வைத்தோம். உறிஞ்சுகிற குழாயைத் தண்ணீரில் இறக்கி, தள்ளுகிற குழாயை ஓடைப் பக்கம் விரித்தாகிவிட்டது. பம்பு வயிற்றில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிறைத்தோம். நான் கயிற்றை இழுத்தேன். கிர்ர்ர் என்றது, நின்றது. மறுபடி இழுத்தேன். சோக்கைத் திறந்து ஒரு தரம், மூடி ஒரு தரம். மதினி என்னைத் தள்ளிவிட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு வந்தாள்.

"தோணி இழுக்குற குடும்பத்துல வாக்கப்பட்டவளாடி நீ? இங்கன குடு."

அவள் பதினைந்து தரம் இழுத்தாள். பதினாறாவதில் கை வழுக்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செடிகளுக்குக் கீழே சாம்பல் நிறத் தண்ணீர், அதன் மேல் உதிர்ந்த வெள்ளைப் பூ மிதந்தது. எட்டு மாதம் என் வீட்டில் இருந்த பம்பு அது.

ஏர்வாடியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் உண்டு. வள்ளத்து இன்ஜினில் இருந்து மருந்தடிக்கிற மெஷின் வரைக்கும் எல்லாம் பார்ப்பார். மதினி போனில் வீடியோ போட்டுப் பிடித்தோம். முகம் தெரிந்ததுமே சொல்லிவிட்டார், தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, வண்டி வராது என்று.

"என்னம்மா செய்யிது?"

"ஸ்டார்ட் ஆகல பாய். டாங்கி நிறைய இருக்கு."

"நிறைய இருக்கட்டும். எப்ப ஊத்துனது?"

"சித்திரையில."

பாய் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"சித்திரையில வாங்குன மீனை இப்பக் குழம்பு வைப்பீகளா?" என்றார் பாய். "மூடியத் திறந்து மோந்து பாரும்மா."

திறந்து முகர்ந்தேன். பெட்ரோல் பங்கில் அடிக்கிற அந்தக் காரமான வாடை இல்லை. பெயிண்ட் டப்பாவை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி மொச்சையாக ஒரு வாடை. மீனில் இத்தனை வருஷம் மூக்கை வைத்துப் பழகியவளுக்கு அது போதும்.

"கெட்டிருச்சு பாய்," என்றேன்.

"கெட்டதுதான். இப்ப வர்ற பெட்ரோல்ல ஆல்கஹால் கலந்திருக்கு. அது காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். ரெண்டு மாசம் தாண்டுனா தெளிவு போயிரும், காய்ஞ்சு பிசினாகும், கார்புரேட்டருல போயி ஒட்டிக்கிரும். இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்களே கழட்டிறலாம். ஸ்பேனர் இருக்கா?"

தள்ளுவண்டிப் பையில் வீட்டுக்காரருடைய ஸ்பேனரும் ஸ்குரு டிரைவரும் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று நான் எப்போதும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறவள். ஆனால் கழற்றுவது யார்? மதினி போனைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை வாங்க ஊருக்குள் ஓடினாள். மிச்சம் நான்தான்.

"எனக்குப் பயமா இருக்கு பாய். திரும்ப மாட்டத் தெரியாமப் போயிட்டா?"

"கழட்டுற வரிசையிலயே ஒரு துணி மேல அடுக்கி வைம்மா. கடைசியா வச்சதை முதல்ல மாட்டணும். அம்புட்டுத்தான்."

எனக்கு இந்த வார்த்தை எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வரிசையாக வைப்பது எனக்கு நன்றாக வரும்.

முதலில் டாங்கிக்குக் கீழே இருக்கிற பெட்ரோல் குழாயை மூடச் சொன்னார். அதிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் டியூபைக் கழற்றி, குழாயைத் திறந்து பழைய பெட்ரோலை ஒரு கேனில் பிடித்தோம். கொல்லையில் கொட்டிவிடாதீர்கள், செடிக்கு ஆகாது, கேனைக் கொண்டு வாருங்கள், நான் சாமான் கழுவ எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற கார்புரேட்டர். பார்த்தால் ஒரு சின்னக் கிண்ணம் தொங்குகிற மாதிரி இருந்தது. கிண்ணத்துக்கு அடியில் ஒரே ஒரு போல்ட்டு. திருகினேன். கிண்ணம் கையோடு வந்தது. உள்ளே கொஞ்சம் மஞ்சள் பெட்ரோல், அதற்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சுற்றிலும் பச்சையாக, பலாப்பழப் பிசின் போல ஒன்று படிந்து கிடந்தது.

"மேல மிதப்பு ஒண்ணு ஆடுதா?" என்றார் பாய்.

ஆடியது. எங்கள் வலையில் கட்டுகிற மிதப்பு மாதிரியே, விரல் அளவில் ஒன்று. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் அது மேலே போய் வழியை அடைக்குமாம், இறங்கினால் திறந்துவிடுமாம். இதை யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் நான் காய்ச்சல் போனதும் திரும்பப் போயிருப்பேன்.

நடுவில் பித்தளையில் ஒரு திருகாணி இருந்தது. ஜெட்டு என்றார். பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறதாம். கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருட்டாக இருந்தது.

"அடைச்சிருக்கு பாய். ஊக்கு இருக்கு, குத்தவா?"

"அல்லா, ஊக்கை எடுக்காதம்மா. துளை பெருத்துப் போச்சுன்னா புகையாக் கக்கும். மெல்லிசா, வளையிற மாதிரி எதாச்சும் வேணும். நைலான் பிரஷ் முடி மாதிரி."

கொல்லையில் நைலானுக்கு எங்கே போவது என்று மதினி ஆரம்பித்தாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். வலை முடிகிற வீட்டில் எந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்தாலும் ஒரு முழம் தங்கூசி இருக்கும். மீன்வலை பின்னுகிற அந்தக் கண்ணாடி நரம்புதான். அதில் மெல்லிசானதாக ஒரு துண்டைக் கடித்து எடுத்து, புதுப் பெட்ரோல் வந்ததும் ஜெட்டை அதில் முக்கி, துளையில் விட்டு விட்டு எடுத்தேன். மூன்றாவது தரம் சரக்கென்று மறுபக்கம் வந்தது. வானத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம்.

"தெரியுது பாய்."

"வட்டமாத் தெரியுதா?"

"வட்டமா."

"அப்ப மாட்டு."

கிண்ணத்தைத் துணியால் துடைத்தேன். துணியில் அடுக்கி வைத்ததைத் தலைகீழ் வரிசையில் மாட்டினேன். எதுவும் மிச்சம் வரவில்லை. எதற்கும் துணியை உதறிப் பார்த்தேன். மதினி, "சேலையையும் உதறுடி, எதாச்சும் விழுந்தாலும் விழும்," என்றாள். அக்கா வாங்கி வந்த பெட்ரோலை டாங்கியில் ஊற்றி, குழாயைத் திறந்து, கிண்ணம் நிறையக் கொஞ்ச நேரம் விட்டு, கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஓடைப் பக்கம் தட்டையாகக் கிடந்த குழாய் பாம்பு மாதிரி உப்பி, தண்ணீரைக் கக்கியது. பாய் போனில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், போயி கஞ்சியக் குடிங்க," என்று வைத்துவிட்டார். அக்கா அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தாள். அப்போது உச்சிப் பொழுது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

தூறல் விடவில்லை. வாங்கி வந்த புதுப் பெட்ரோலில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால்? ஈரத்தைக் குடிக்கும் என்று இப்போதுதானே சொன்னார்? இடுப்பில் செருகியிருந்த பாலித்தீன் பையை எடுத்தேன். டாங்கி மூடி மேல் இரண்டு மடிப்பாக வைத்து, டியூப் வளையத்தை இறுக்கிப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. மதினி அதைப் பார்த்து, "அதானே, கருவாட்டுக்காரி கை," என்று பாராட்டக்கூடச் செய்தாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பம்பு இருமியது. சத்தம் இறங்கி, ஏறி, இறங்கி, நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று டியூபை உருவி, மூடியைத் திறந்தேன். புஸ் என்று ஒரு சத்தம். உள்ளே பார்த்தால் முக்கால் டாங்கி இருக்கிறது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் உடனே பிடித்துக்கொண்டது. மறுபடி பையைக் கட்டினேன். மறுபடி பத்து நிமிஷம். மறுபடி இருமல். திறந்து பார்த்தால் பெட்ரோல் இருக்கிறது. மூடி இழுத்தால் ஓடுகிறது.

"இவ எட்டிப் பாத்தா ஓடுது, பாக்காட்டி நிக்குது," என்றாள் மதினி. "ஊருல பம்பெல்லாம் பெட்ரோல்ல ஓடும். இவ வளத்த பம்பு கவலையில ஓடுது."

மூன்றாவது தரம் நின்றபோது அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்போரத்துச் செடிக்குக் கீழே ஒரு விரல் உயரம் தண்ணீர் இறங்கி ஈரக்கோடு தெரிந்தது, அவ்வளவுதான். பொழுது சரிய ஆரம்பித்துவிட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, வாளியால் மோந்து வரப்புக்கு வெளியே ஊற்றத் தொடங்கினாள். அரை ஏக்கர் தண்ணீரை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, தொழுகை நேரம். நான் மூடியைத் திறந்து மூடி, பையைக் கட்டி, கயிற்றை இழுத்து மறுபடி ஓடவிட்டு, பம்பு பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவலையில்தான் ஓடுகிறது என்றால் என்னிடம் அது தாராளமாக இருக்கிறது.

அப்போதுதான் பையைப் பார்த்தேன். கட்டும்போது மூடி மேல் தளர்வாக இருந்த பாலித்தீன், இப்போது விறைத்து, மூடி நடுவில் குழியாக உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சுகிற மாதிரி. விரலால் தொட்டேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. இன்ஜின் இரும ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் எண்ணெய் டின் வாங்கினால் ஆணியால் இரண்டு ஓட்டை போடுவோம். ஒன்று எண்ணெய் வர, ஒன்று காற்றுப் போக. ஒரே ஓட்டை போட்டால் இரண்டு சொட்டு விழும், அப்புறம் டின்னைத் தலைகீழாக ஆட்டினாலும் வராது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டியூபை உருவிப் பையை எடுத்தேன். மூடிக்கு நடுவில் நெத்திலிக் கண் அளவில் ஒரு துளை. காற்று போவதற்கென்று செய்தவன் வைத்த துளை. அதைத்தான் நான் இரண்டு மடிப்புப் போட்டு மூச்சு முட்ட அடைத்து வைத்திருந்தேன். பையை எடுத்ததும் இருமல் நின்று சத்தம் சீராகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், பையைச் சுருட்டி இடுப்பில் செருகிவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அக்கா பள்ளத்தில் முழங்கால் சேற்றில் வாளியோடு நின்றாள்.

"அக்கா, மேல வா. இனிமே நிக்காது," என்றேன்.

"எப்படிடி சொல்ற?"

"நான்தான் அதை நிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்."

பையைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அக்கா வாளியைப் போட்டுவிட்டு என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"நாசமாப் போறவளே," என்றாள், ரொம்ப மெதுவாக. "நான் பூமித்தாய்தான் வேணாம்னு சொல்லுதோன்னு நினைச்சேன்."

மதினி வரப்பிலேயே உட்கார்ந்து சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் எழுந்து வந்து, என் கையில் இருந்த பையை வாங்கிப் பிரித்து, என் தலையில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டாள். "இப்ப சரியான இடத்துல இருக்கு. இதுக்குத்தான் மழை படக்கூடாது." அந்தத் தொப்பியோடு நான் மிச்சப் பொழுது முழுக்க இருந்தேன். மழைக்கு மூடி நனையாமல் இருக்க, பம்புக்கு மேலே நாலு கருவேலக் குச்சி ஊன்றி தள்ளுவண்டியில் கிடந்த தார்ப்பாயைப் பந்தல் மாதிரி கட்டினோம். காற்றும் போனது, தண்ணீரும் படவில்லை. பெட்ரோல் குறைந்தபோது மட்டும் நிறுத்தி, சூடு ஆறவிட்டு ஊற்றினோம். தூரத்து மசூதியில் பொழுது சாய்ந்ததும் சொல்கிற மஃரிப் பாங்கு கேட்கும்போது பள்ளத்தில் சேறுதான் மிச்சம். உறிஞ்சுகிற குழாய் வாய் காற்றைக் குடித்துக் கொடகொடவென்றது.

ராத்திரி பாய் போன் போட்டார். பையைப் பற்றிச் சொன்னதும் அவரும் சிரித்தார். மூடியை மூடி போட்டு மூடிய ஆளை இருபத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை என்றார். ஆனால் அப்புறம் கனிவாக, வேலை முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தார். இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் செய்கிறேன். அன்றன்றைய வேலைக்கு வேண்டிய பெட்ரோல் மட்டும்தான் வாங்குகிறேன். பம்பை சும்மா வைக்கப்போகிறேன் என்றால் டாங்கியை வடித்துவிட்டு, குழாயை மூடி, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டரில் இருக்கிற கடைசிச் சொட்டையும் அது குடித்துவிட்டு நிற்கும். அப்புறமும் கிண்ணத்து அடியில் இருக்கிற திருகைத் தளர்த்திப் பார்ப்பேன், ஏதாவது சொட்டுகிறதா என்று. நூறு தரத்தில் ஒரு தரம் சொட்டும். அந்த ஒரு தரத்துக்காகத்தான் பார்ப்பது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் புதுப் பெட்ரோல் ஊற்றி, அது தீரும்வரை வாசலில் ஓடவிடுவேன். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் பழகிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார், "இதுக்குப் பெட்ரோல் இல்லாம வச்சிருக்கியே, அவசரம்னா என்ன செய்வ?" எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லைதான். இருந்தாலும் ஊற்றவில்லை.

ஆனால் அந்த ராத்திரி பம்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் இறங்கியது சரி, வேர் பிழைத்ததா என்பது அப்போது தெரியாது. ஒரு நாளுக்கு மேல் நீரில் நின்ற செடி, மழை மூட்டத்தில் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் உச்சி வெயில் பட்டால்தான் சேதி தெரியும். நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் கழிந்த அந்த ஒன்றிரண்டு மணி நேரம் என்ன செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கருவாடு காயப்போட வேண்டிய அருமையான வெயில். போட்டதும் போடாததுமாகக் கொல்லைக்கு நடந்தேன். அக்கா வரப்பில் ஏற்கெனவே நின்றாள். வெயில் ஏற ஏறச் சேற்றிலிருந்து ஆவி கிளம்பியது. மேட்டுப் பக்கத்துச் செடி விறைப்பாக நின்றது. பள்ளத்துச் செடியின் இலைகள் கொஞ்சம் கீழே பார்த்தன.

"அக்கா, தொங்குதே."

"உச்சி வெயிலுக்கு எந்தச் செடியும் கொஞ்சம் தொங்கும். வா."

அவள் சேற்றில் இறங்கி நேராக ஆகப் பள்ளமான மூலைக்குப் போனாள். இருப்பதிலேயே வாடின செடியாக ஒன்றைப் பார்த்து, தண்டை அடியில் பிடித்து, மண்ணோடு மெதுவாகத் தூக்கினாள். எனக்குப் பதறியது, ஒரு செடி போகிறதே என்று. தேங்கி நின்ற கொஞ்சம் தண்ணீரில் வேரை அலசி என் முகத்துக்கு நேரே காட்டினாள். நுனியில் நாலைந்து இழை பழுப்பாக இருந்தது. விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. முருங்கைப்பூ மாதிரி வெள்ளை.

"இருக்கு," என்றாள் அக்கா. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் ஒரு பொழுது நின்னிருந்தா போயிருக்கும். இருக்கு."

பிடுங்கியதைத் திரும்ப அதே குழியில் வைத்து, காலால் மண்ணை அணைத்து மிதித்தாள். பிழைத்தாலும் பிழைக்கும் என்றாள்.

"பூவெல்லாம் கொட்டிருச்சே அக்கா?"

"இருபது நாள்ல திரும்பப் பூக்கும். பழம் கொஞ்சம் பிந்தி வரும், அம்புட்டுத்தான். மாசிக் கடைசியில பழம் எடுக்க ஆள் பத்தாது, உன் கருவாட்டை மூட்டை கட்டிட்டு நீயும் வந்துரு."

வாரேன் என்றேன். கொஞ்ச தூரம் வரப்பில் நடந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பி நின்று, "மாசியில மழை ஒண்ணும் வராதே அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கையில் இருந்த சேற்றை வழித்து என் மேல் எறிந்தாள்.